வெளியிட்ட தேதி

ஒரு படியில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும். டெக்னிக்கல் ரைட்டிங் வகுப்பில் ஆக்னஸ் மேடம் நடத்திய முதல் பாடம் இதுதான். ‘மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றவும்’ என்று எழுதினால் மதிப்பெண் குறையும். மூடியைத் திறப்பது ஒரு படி, எண்ணெய் ஊற்றுவது அடுத்த படி. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி, ஆறு மாத ஆன்லைன் படிப்பு, அதில் என்னைப் போல நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவேன். சிரிப்பு வர வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை.

சென்னைக்குப் பக்கத்தில், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நானும் என் வீட்டுக்காரர் உதயகுமாரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் பவர் பிரஸ்ஸில் தகடு அடிப்பவர். நான் அந்தத் தகடுகளை அளந்து, சரியா தப்பா என்று எழுதுபவள். போன ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி அந்த பிரஸ் அவருடைய வலது கையில் நான்கு விரல்களை எடுத்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். நான் பக்கத்து ஷெட்டில் இருந்தேன். சத்தம் காதில் விழுந்தது. தினமும் விழுகிற சத்தம்தான் என்று அளந்துகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் நூம்பலில் எங்கள் வாடகை வீட்டில், டிவியைப் போடாமலே அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்குப் போய் வந்தேன். குழம்பில் உப்பு இல்லை என்பது சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் தெரியும். மாடி வீட்டு நிஷா ஐ.டி.யில் இருக்கிறாள். இந்தப் படிப்பைப் படித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், அவரையும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சரி என்றேன். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் நான் சரி என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரியில் ஆக்னஸ் மேடம் ஒரு வேலை கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்த ஒரு இயந்திரத்தை இயக்கும் முறையைப் படிப்படியாக எழுதுங்கள். பிறகு அதை ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல், அவரை அதன்படி செய்யச் சொல்லிப் பாருங்கள். தாளில் இல்லாத எதையாவது அவர் செய்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த இயந்திரம் ஒன்றுதான். வேறு எதையாவது எழுதியிருக்கலாம், மிக்சியைப் பற்றிக்கூட. பிரஸ் என்றுதான் கை எழுதியது. அந்தப் பழைய பிரஸ்ஸில் இடதும் வலதுமாக இரண்டு பட்டன். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது. பதினான்கு படிகளில் எழுதி முடித்தேன்.

செய்து பார்க்க என் வீட்டுக்காரரை விட்டால் யாரை உட்கார வைப்பது? பட்டனுக்குப் பதிலாக இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். தாளை எதிரில் நிறுத்தினேன். அவர் மறுக்கவில்லை. தாளைப் பார்த்து, பாவனையாக மின்சாரத்தைப் போட்டார், டையைத் துடைத்தார். பிறகு காற்றில் எதையோ எடுத்து வலது டம்ளரைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.

வாய் திறக்கக் கூடாது என்பதை மறந்துவிட்டேன். “இன்னா மாமா பண்றே?”

“ட்யூப் கட்றேன்.”

“அது எழுதலையே.”

“அத்தப் போய் எழுதுவாங்களா? காலைல போனதும் ரவி சார் சைக்கிள் ட்யூப்பை வெட்டிக் குடுப்பாரு. எல்லாரும் கட்டிக்குவோம். ஒரு பட்டன் அழுத்துனபடியே கீதுன்னா ஒரு கை ஃப்ரீ. அந்தக் கையாலயே தகடு தள்ளலாம்.”

“கட்டாட்டி?”

“கட்டாட்டி பாதி பீஸ்கூட வராது. நீதான அளக்குறே, உனக்குத் தெரியாதா?”

தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். ஒரு ஷிப்டில் அத்தனை தகடு எப்படி வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை நினைத்தபோது எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘வலது பட்டனை ட்யூப்பால் கட்டுதல்’ என்று குறித்துக்கொண்டு டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

தாளோடு மெஷினின் படத்தையும் அனுப்ப வேண்டியிருந்ததால், மார்ச் மாதம் சூப்பர்வைசர் ரவிச்சந்திரனிடம் அனுமதி கேட்டேன். தாளை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தார்.

“பிரமாதமா எழுதிருக்கேம்மா. பிரஸ் பக்கத்துல தமிழ்ல ஒரு தாள் இல்லியேன்னு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் மேடம் போன தபா கேட்டாங்க. வெள்ளிக்கெழம திரும்ப வராங்க. இதையே வெச்சிடலாம். அந்தப் பென்சில் மட்டும் வேணாம். மேல, வெளியிட்ட தேதி போன வருஷம் ஜனவரின்னு போட்டுடு. கீழ, படிச்சுப் புரிஞ்சிக்கிட்டேன்னு உதயா கையெழுத்து. அதையும் நீயே போட்டுடேன்.”

“அப்ப தப்பு அவரு மேல ஆயிடுமே சார். தாள் இருந்துச்சு, அவரு கேக்கலன்னு.”

“பேப்பர்லதான்மா. ஏப்ரல்ல கேட் செக்யூரிட்டி வேலை காலியாவுது. உதயாவுக்குத்தான்னு மொதலாளிகிட்ட பேசிட்டேன். எத்தினி நாளைக்கு அவன் ஊட்லயே உக்காந்துகினு இருப்பான்?”

ரவிச்சந்திரன் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். விபத்தன்று என் வீட்டுக்காரரைத் தூக்கி வண்டியில் போட்டதும், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பெஞ்சில் படுத்ததும் இதே மனிதர்தான். கேட் வேலையும் பொய்யில்லை. அது கிடைத்தால் அவர் காலையில் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறுவார். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. சரி என்றேன்.

தலைப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஆவணத்தின் பெயர், எண், வெளியிட்ட தேதி. ஜனவரி ஆறு என்று அடித்தேன். ஆபீஸ் பிரின்டரில் இரண்டு பிரதி எடுத்தேன். கையெழுத்தைப் போட மட்டும் எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸிலேயே பேனாவை எடுத்து இரண்டு முறை மூடி வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் தாளை அவரிடமே கொடுத்தேன். கேட் வேலையைச் சொன்னேன். தேதி எதற்கு அப்படி இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. பதினான்கு படியையும் படித்தார். பேனாவை இடது கையில் வாங்கினார். வலது கை மணிக்கட்டால் தாளை அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, உதயகுமார் என்று முழுப்பெயரையும் எழுதினார். கோடு நடுங்கியது. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“மாமா, இது போன வருஷ ஜனவரி. அப்ப நீ வலது கையாலதான போட்டிருப்ப?”

“ஆமா.”

“பாத்தா தெரிஞ்சிடும்.”

“கீறது இந்தக் கை ஒண்ணுதான். இன்னா பண்ணச் சொல்ற?” என்று பேனாவை மூடிக் கொடுத்தார்.

இன்னொரு பிரதி என் பையில்தான் இருந்தது. அவருடைய பழைய கையெழுத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். எடுக்கவில்லை. மறுநாள் அந்தத் தாளையே பிளாஸ்டிக் உறையில் போட்டு ரவிச்சந்திரனிடம் கொடுத்தேன். அவர் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, “சூப்பர்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். மேசைமேல் ஒரு பக்கம் நான் எழுதிய தாள். இன்னொரு பக்கம், உதயகுமார் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட விண்ணப்பம்.

“நீங்கதான் எழுதினதா? தெளிவா இருக்கு” என்றார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “உதயகுமார் இடது கைப் பழக்கமா?”

ரவிச்சந்திரன் முந்திக்கொண்டார். “ஆமா மேடம், அவன் லெஃப்ட்தான்.”

“நான் இவங்களைக் கேட்டேன்.”

ரவிச்சந்திரன் என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, கெஞ்சினார். சரி என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது, ஏழு மாதப் பழக்கம். கேட்டுக்குப் பக்கத்தில் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற மனிதரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த வேலை வேண்டும் என்று எனக்கு அப்போதும் ஆசையாக இருந்தது.

“இல்ல மேடம்” என்றேன். “வலது கைதான். ஆகஸ்ட் பதினொண்ணுக்கு அப்புறந்தான் இடது.”

“இதுல ஜனவரின்னு இருக்கே.”

“நான் இதை எழுதுனதே போன மாசந்தான். கையெழுத்து முந்தாநேத்து போட்டது.”

ரவிச்சந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். “கேட் வேலை போச்சேம்மா” என்றார், கோபமே இல்லாமல். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. காலிலிருந்து ஏறி வந்தது. ட்யூப்பை வெட்டிக் கொடுத்தவர்மேல், கட்டியவர்மேல், எண்ணிக்கை எப்படி வருகிறது என்று கேட்காமல் அளந்துகொண்டே இருந்த என்மேல். 

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, “உக்காந்து, நடந்ததை எழுதிக் குடுங்க” என்றார்.

முதல் வரி கோணலாக வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி நான் பக்கத்து ஷெட்டில் இருந்தேன், சத்தம் கேட்டது, போகவில்லை.