குருவி பார்க்கப் போன காலை

வீரபாகு அண்ணன் உதட்டில் விரலை வைத்து, சத்தம் வரக்கூடாது என்றபோது என் அப்பா என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். குருவிக்காகவாம்! எனக்குத் தெரியாதா?

அமிர்திக் காட்டில் வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் தணிகைவேல், என்னைப் பெண் பார்க்க வந்தவர். வீட்டுக்கு வந்து பஜ்ஜியைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று போனால் ஆம்பூர் முழுக்கப் பேச்சாகிவிடுகிறது. அதனால் இந்தத் தடவை பொது இடம். குருவி பார்க்க வந்த இடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். காட்டிலாகாவில் வாட்சராக இருக்கும் வீரபாகு அண்ணன் தூரத்துச் சொந்தம், ஏற்பாடு அவருடையது. பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் அம்மா மீனாம்பாள் டிபன் கேரியரைத் திறந்து எங்களையும் சாப்பிடக் கூப்பிடுவார். இல்லையென்றால் அவரவர் பஸ், அவரவர் வழி.

இதுவரை வந்தவர்கள் எல்லாரும் என் குரலைக் கேட்டுத்தான் ஓடினார்கள். "பொண்ணு நல்லாத்தான் கீது, தொண்டைதான் ஜாஸ்தி" என்று போன தடவை சொல்லி அனுப்பினார்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின்களுக்கு நடுவில் கத்தினால்தான் பக்கத்தில் இருக்கும் ஷஹீன் பானுவுக்கே கேட்கும். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் தொண்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா?

ஆனாலும் அப்பா சொன்னபடியே தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் முணுமுணுப்பாகப் பதில் சொல்லி நடந்தேன். முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிக் கசக்கிவிட்டேன். குறுக்கே நீண்டிருந்த முள் கிளையைத் தணிகைவேல் பிடித்துக்கொண்டு நான் தாண்டும்வரை நின்றார். நகக்கண்ணில், தோல் பதனிடும் ஷாப்பின் நீலக்கறை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வம்பே அதுதான்.

கம்பெனிக்கு பஸ்ஸில் போகிறீர்களா என்று கேட்டார். நடந்துதான் என்றேன். கொஞ்ச தூரம் போய் அதையே மறுபடியும் கேட்டார். நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. எவ்வளவு கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தலைக்கு மேலே ஒரு தேன்சிட்டு விடாமல் கீச்சிட்டது. எல்லாரும் நிமிர்ந்தோம். அவர் மட்டும் பாதையைப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு புதருக்குள்ளிருந்து செம்பூத்து கனத்த குரலில் கூப்பிட்டபோது சட்டென்று திரும்பினார். மீனாம்பாள் அவரோடு பேசுமுன் ஒவ்வொரு தடவையும் தோளைத் தொட்டதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோல் ஷாப்பில் பெரிய மர டிரம்கள் பகலும் இரவும் உருளும் பகுதியில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரைச்சலில் காது போயிருக்கிறது. அதை மட்டும் சொல்லவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிட்டார்கள்! ஆனால் நாங்கள் மட்டும் என்னவாம்? என் தொண்டையை மறைத்துத்தானே கூட்டிவந்திருக்கிறார் அப்பா. அப்பாவிடம் காது விஷயத்தைச் சொன்னால் இந்தப் பேச்சு இங்கேயே முறிந்துவிடும். இப்படியே முணுமுணுத்தால் எனக்கு இஷ்டமில்லை என்று தணிகைவேல் நினைத்துக்கொள்வார். வாயைத் திறந்தாலோ மீனாம்பாள் கேட்டுவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் கேரியர் திறக்காது போலிருந்தது.

ஆற்றோரம் ஒரு அத்திமரம். மீனாம்பாள் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்து கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். மரத்தில் பச்சைப்புறாக்கள் கூட்டமாகப் பழம் தின்றுகொண்டிருந்தன. வீரபாகு அண்ணன் கிசுகிசுப்பாக இடத்தைச் சொன்னார். தணிகைவேலோ வேறொரு மரத்தைப் பார்த்து, தெரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முன்னால் போய் முகத்துக்கு நேராக நின்றேன்.

"அங்க இல்லீங்க! இங்க, மேல் கிளைல பாருங்க!"

மரமே எழுந்து போனமாதிரி அத்தனை புறாவும் படபடவென்று பறந்தன. அப்பா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தணிகைவேல் மரத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் குரலும் என்னுடையதைப்போலவே ஓங்கித்தான் வந்தது.

"இம்மா நேரம் நீ பேசறியா, வாய மெல்றியான்னே தெர்ல. இத மாரியே பேசு."

"பஸ்ஸுல இல்ல, நடந்துதான் போறேன்" என்றேன் அதே குரலில்.

பாறையில் உட்கார்ந்திருந்த மீனாம்பாள் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவருடைய கை கேரியரின் கொக்கிக்குப் போனது.