தரம் பார்க்கிறவர்

சீனக் கடையில் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்த காய்ந்த கடலட்டையைப் பத்மநாபன் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். கேக்கில் முட்டை இருக்கும் என்று பிறந்தநாள் வீடுகளில் வெறும் சிப்ஸ் தின்றுவிட்டுத் திரும்பும் மனிதர். பக்கத்தில் நின்ற மகள் அஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

"இனிக்கறது. சக்கரைப் பாகுல போட்டு வெயிட் ஏத்தியிருக்கா. அதான் இப்படி மினுக்கறது. வேண்டாம்," என்றார்.

அம்மா ஷ்யாமளாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, தையல் போட்ட இடம் ஆறவேயில்லை. அஞ்சனாவின் மாமியார் சீனப் பெண்மணி. எங்கள் வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் கடலட்டை சூப்தான் கொடுப்போம், புண் சீக்கிரம் ஆறும் என்றாள். ஆசாரக்காரியான அம்மா முகம் சுளிப்பாள் என்று அஞ்சனா நினைத்தாள். அம்மாவோ, "மருந்துதானே, குடு. வாய்க்குப் பிடிச்சு எதையாவது சாப்பிட்டே எத்தனையோ நாளாச்சு" என்றுவிட்டாள்.

அத்தோடு விஷயம் அப்பாவின் கைக்குப் போய்விட்டது. சான்டா கிளாராவில் வேலைக்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் சிப் டெஸ்ட் பண்ணி ஓய்வு பெற்றவர். அவர் பாஸ் போடாமல் வீட்டுக்குள் ஒரு டோஸ்டர்கூட நுழைந்ததில்லை. சம்பந்தி அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பியதையே உப்பு பூத்திருக்கிறது என்று கூசாமல் திருப்பிவிட்டார். பிறகு கடை கடையாக ஏறி இறங்கினார். தட்டினால் கல் மாதிரி சத்தம் வர வேண்டுமாம். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் பிடித்தது என்றால் முதுகு முள் கூராக வரிசை கட்டி நிற்குமாம், தெற்கத்திச் சரக்குக்கு மழுங்கியிருக்குமாம். எல்லாம் யூட்யூப் ஞானம். இதற்குள் டாக்டர்கள் இனி வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அம்மாவை வீட்டுக்கு அனுப்பி, கூட ஒரு ஹாஸ்பிஸ் நர்ஸையும் வைத்துவிட்டார்கள். புண் ஆறுவதைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அப்பா நிறுத்தவில்லை.

"அப்பா, ஏதோ ஒண்ணு வாங்குப்பா. இது ஊறவே ரெண்டு மூணு நாள் ஆகும். அம்மா ஒரு ஸ்பூன் குடிச்சாக்கூட எனக்குப் போறும்."

"வாழ்க்கையில மொதல் தடவையா அவ இதைச் சாப்பிடப்போறா. அதுல போய் மட்டமானதையா குடுக்கறது?"

கடைக்காரப் பெண் உள்ளேயிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். முள்ளை விரலால் தடவினார், மேஜையில் தட்டினார், நாக்கில் வைத்தார். மினுமினுப்பே இல்லாத சாம்பல் நிறம். அவர் முகம் தெளிந்தது.

"இதான். ஹொக்கைடோ. டவுட்டே இல்ல."

அப்போதுதான் நர்ஸிடமிருந்து ஃபோன் வந்தது. அம்மாவின் மூச்சு மாறுகிறது, உடனே வாருங்கள் என்றாள். அஞ்சனா சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்பா வரவில்லை. பில் போடச் சொல்லிவிட்டுக் கார்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அஞ்சனா அதன்பிறகு அப்பாவோடு பேசவில்லை. ஒரு வாய் சூப்பும் இல்லை, கடைசி நேரத்தில் பக்கத்திலும் இல்லை. இவருடைய தரமும் முள்ளும் என்று மனசு கொதித்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அப்பா இடிந்துபோயிருக்கிறார் என்றபோதுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபியூனரல் ஹோமில் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. சாஸ்திரிகள் பித்தளைக் கிண்ணத்தை நீட்ட, அப்பா ஒரு பிடி அரிசி எடுத்தார். அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றார். போடவில்லை. உள்ளங்கையில் அரிசியைப் பரப்பி விளக்கு வெளிச்சத்துக்குச் சாய்த்தார். உடைந்த அரிசி ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். பிறகு இன்னொன்று.

பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஃபியூனரல் ஹோம் ஆள் மணியைப் பார்த்தான்.

"மாமா, டைம் ஆயிண்டிருக்கு," என்றார் சாஸ்திரிகள் மெல்ல.

அப்பாவுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கியதை எங்கே போடுவது என்று தெரியாமல் விரலிடுக்கிலேயே வைத்திருந்தார்.

அஞ்சனா வரிசையிலிருந்து விலகி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அந்த நொய்யை வாங்கிக்கொள்ள உள்ளங்கையை நீட்டினாள்.