இரண்டு மரத்திலும் ஒரே தாத்தா

12 நவம்பர் 2024, செவ்வாய்

இன்று தெரியவந்த தவறு: மருத்துவமனைப் படிவத்தில் "கணவன், மனைவி இரத்த உறவா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்திருக்கிறேன். இரண்டு முறை யோசித்துத்தான் அடித்தேன். எங்கள் ஊரில் இரத்த உறவு என்றால் பங்காளிகள். என் கணவர் பூவராகவன் என் அத்தை மகன், கட்டிக்கொள்கிற முறை. முறைக்காரனை யாராவது அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா?

காலையில் மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ரூபி போன் செய்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; அக்காவுக்கு "தீதி", அதாவதுக்கு "மத்லப்" என்று இந்தி கலந்துவிடும். முதலில் நல்ல செய்தி: ஆய்வகத்தில் எங்கள் கருக்கள் நான்கும் நன்றாக வளர்கின்றன, நாளைக் காலை ஒன்றைக் கருப்பையில் வைத்துவிடலாம். மூன்று வருடமாகக் காத்திருந்த வார்த்தை. எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"அச்சா, ஒரு சின்ன மிஸ்டேக் இருக்கு தீதி. நீங்க வரைஞ்சு குடுத்த ரெண்டு ஃபேமிலி ட்ரீலயும் தாத்தா பேரு விஸ்வநாதன்னு போட்டிருக்கீங்க. காப்பி ஆயிடுச்சா?"

"இல்லைங்க. ஒரே தாத்தாதான்."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"மத்லப், உங்க ஹஸ்பண்ட் உங்க கஸினா?"

"கஸின்லாம் இல்ல. அத்தை பையன்."

பத்து நிமிடத்தில் டாக்டரே பேசினார். இப்படிப்பட்ட தம்பதியில் இருவரிடமும் ஒரே நோயின் மரபணு வெளியே தெரியாமல் இருக்க வாய்ப்பு கூடுதலாம்; அப்படி இருந்தால் குழந்தைக்கு அந்த நோய் வரலாமாம். இருவரும் இரத்தம் கொடுத்துச் சோதிக்கலாம். முடிவு வர ஒரு மாதம் ஆகும். அதுவரை கருக்களை உறையவைக்க வேண்டும். ஏதாவது தெரியவந்தால் கருக்களையும் சோதிக்கலாம். வேண்டாமென்றால் நாளையே வைத்துவிடலாம். மாலை ஆறு மணிக்குள் சொல்லச் சொன்னார்.

பட்டியல் போட்டேன். நான்கு மணிக்கு லோதி ரோட்டில் பூவராகவனின் அலுவலக வாசலில் நின்று அவரிடம் நீட்டினேன். காத்திருக்கப் பதினொரு காரணம், நாளையே வைக்கப் பதினொரு காரணம்.

"என்ன ப்ரியா, மேட்ச் டையா?"

"சரியா பாருங்க மாமா. விட்டுப்போனது ஏதாச்சும் இருக்கும்."

"நாலும் என் மூக்கோட வந்தா என்ன பண்றது, அத எழுதலயே."

"அதுக்கு டெஸ்ட் இருக்கான்னு கேட்டுட்டேன். இல்லையாம்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலு மூக்கு, நாலு மூக்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வாசல் காவலர் எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

சமன் உடையட்டும் என்று அவர் தன் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்ப ஒத்தக் கால்ல நின்னு கட்டிக்கிட்டீங்க. இப்ப என்னைக் கேக்குறீங்களாக்கும்," என்றார் அத்தை. பிறகு, "டேய் ராகவா, உனக்கு மூத்தவ ஒருத்தி பத்து மாசக் குழந்தையிலயே போனாளே, அத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"ஜுரம்னுதானம்மா சொல்லுவ."

"ஊருக்கு அப்படிச் சொன்னோம். என்னன்னு எந்த டாக்டரும் சொல்லல."

அந்தப் பெண்ணுக்கு நான் வரைந்த மரத்தில் கட்டமே இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"நாளைக்கே வச்சா, ஒம்போது மாசமும் தினம் ஒரு லிஸ்ட் போடுவேன் மாமா," என்றேன்.

அவர் என் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஐயோ தாயே. ஒரு மாசம் ஐஸே பரவால்ல."

மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் இருந்தது, ஆனால் சிரிப்புக்குக் கீழே. ஐந்து நாற்பதுக்கு ரூபியிடம் சோதனை செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். முனிர்காவில் நான் படிக்கும் புள்ளியியல் மாலை வகுப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். நடத்திய பாடம் நிகழ்தகவு. ஒரு வரியும் எழுதவில்லை. நோட்டில் நான்கு சின்ன வட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சரியாகத்தான் முடிவெடுத்தோமா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

நாளை: காலை எட்டரைக்கு இருவரும் மருத்துவமனைக்குப் போய் இரத்தம் கொடுக்க வேண்டும், கருக்களை உறையவைக்கச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.