பத்து மணிப் பதிவு

புற்றுநோய் இருக்கிறதா என்று ரத்தத்தை வைத்தே பார்க்கும் இலவச முகாமுக்குக் காலை பத்து மணிக்குப் போனில் பதிய வேண்டும். பத்தேகாலுக்கெல்லாம் இடம் தீர்ந்துவிடும். எங்கள் தையல் கம்பெனியிலோ எட்டு மணிக்கே போனை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். ஆக, மூன்று முகாம்கள் எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டன.

என் கவலையெல்லாம் நாத்தனாரை நினைத்துத்தான். பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள். என் மாமியாரை இந்த நோய்தான் கொண்டுபோனது. தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இவளுக்காவது முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

நாலாவது முகாமுக்குப் பதிவு நடக்கிற அன்று காலை, போனைக் கொடுக்கும்போது எனக்குப் பொறி தட்டியது. பத்து மணிக்கு எங்கள் பதினேழு பேர் போனும் யார் கையில் இருக்கும்? எல்லாரிடமும் பெயர், வயது, போன் நம்பரை வாங்கிச் சீட்டில் எழுதி வாட்ச்மேனிடம் நீட்டினேன்.

“அண்ணே, பத்து மணிக்கு எங்க பேரையெல்லாம் பதிஞ்சிடுங்க. ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் வரும். பார்த்துப் போட்டுடுங்க.”

மனுஷன் கெட்டிக்காரர். போன்களை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு அத்தனை இடத்தையும் பிடித்துவிட்டார்.

மத்தியானம் முகாம் அலுவலர் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும் ஒரே ஆண்குரல் எடுத்து, “அவங்க வேலையா இருக்காங்க” என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மூன்று மணிக்கு ஆள் கம்பெனி வாசலுக்கே வந்து நின்றார். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“அத்தனையும் போலிப் பதிவு. ரத்து பண்ணப் போறேன்.”

எனக்கு வந்ததே கோபம்! போன் அலமாரியைத் திறந்து காட்டினேன்.

“பாருங்க சார், பத்து மணிக்கு எங்க போன் இங்கதான் கிடக்கும். போன் கையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இந்த நோய் வருமா?”

அவர் அலமாரியையே பார்த்தார். சுருதி இறங்கிவிட்டது.

“மத்த கம்பெனியிலயும் இப்படித்தானா?”

“இந்தத் தெரு முழுக்க இப்படித்தான்” என்றார் வாட்ச்மேன்.

“இது எங்க யாருக்கும் தோணலையே” என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எங்கள் பதிவு ரத்தாகவில்லை. இனி பாதி இடம் நேரில் வந்து பெயர் கொடுப்பவர்களுக்கு, அதுவும் வேலை விட்ட பிறகு.

முகாமன்று, தினமும் ஊசியோடு மல்லுக்கட்டுகிற என் நாத்தனார் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“அண்ணி, நீங்க முதல்ல போங்களேன்.”

“இதுக்காடி நான் அவ்வளவு கத்தினேன்?” என்று நானே அவள் கையைப் பிடித்து நீட்டினேன். வரிசையே சிரித்தது.

நர்ஸ் ரத்தம் எடுத்த குழாயில் அவள் பெயரை ஒட்டினாள். நாத்தனார் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“நமக்கும் கிடைச்சிடுச்சு இல்ல அண்ணி?”

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.