ஆரத்தியில் வந்த மூஞ்சி

என் மனைவி நீரஜா என்னை வரைய ஆரம்பித்தது எங்களுக்குக் கல்யாணமான வருஷம். சட்டை வரைந்தாள். சட்டைப் பையில் பேனா வரைந்தாள். மாமனார் போட்ட கைக்கடிகாரத்தை முள் முதற்கொண்டு வரைந்தாள். கழுத்துக்கு மேலே வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் படத்தில் எனக்குத் தலை உண்டு, காதுகள் உண்டு, இரண்டு காதுக்கும் நடுவில் வெறும் வெள்ளை.

கேட்டால், "உங்க மூஞ்சி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறது" என்பாள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அடுப்பை அணைத்தோமா, மோட்டாரை நிறுத்தினோமா என்று நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து போகிறவன் நான். ஆனால் இன்சூரன்ஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆகும்வரை இதே மூஞ்சி ஒரே நாற்காலிக்கு மேலேதான் இருந்தது. யாரும் புகார் சொன்னதில்லை. யாரும் அதைப் பார்த்ததும் இல்லை என்பது வேறு விஷயம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மூஞ்சி வேண்டும். நான் மன்மதன் என்ற நினைப்பில் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவள் கண்ணுக்கு ஸ்ரீரங்கன் என்கிற ஆள் எப்படித் தெரிகிறான் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

போன வருஷம் மே மாதம் அவளும் ரிட்டயர் ஆனாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மாலையும் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு வந்த மறுநாளே பரண்மேல் கிடந்த அரைகுறைப் படங்களை எல்லாம் இறக்கச் சொன்னாள். அலையில்லாத பெசன்ட் நகர் கடல், அடிப்பாகம் இல்லாத கோபுரம், சக்கரம் இல்லாத ரிக்‌ஷா, கடைசியாக மூஞ்சியில்லாத நான். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்றாள்.

டர்பன்டைன் வாசனை பட்டால் அவளுக்கு இழுப்பு வரும். எண்ணெய் வர்ணத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். வாட்டர் கலரை அவளே தொடமாட்டேன் என்றுவிட்டாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாழ்நாள் முழுக்க அதைத்தானே கரைத்தாள். ஆகவே சமையலறைக்குள் புகுந்தாள்.

கடலைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் முடித்தாள். கடல் சலவைக்குப் போட்டது மாதிரி பளிச்சென்று இருந்தது. ரிக்‌ஷாவுக்குக் கண்மையில் சக்கரம் வந்தது. கோபுரத்துக்குக் காபி டிகாக்‌ஷன், அதுவும் மினுமினுப்பு வரட்டும் என்று சர்க்கரைப் பாகு சேர்த்து. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எங்கள் வீட்டில் கோபுரமே தேய்ந்தது. கீழ்நிலையில் ஆரம்பித்து வாசல், துவாரபாலகர் என்று வரிசையாகத் தின்றுவிட்டு எறும்புகள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டன. நீரஜா அசரவில்லை. எறும்புக்கும் ரசனை இருக்கிறது என்றாள்.

நான் பந்தியில் கடைசி இலைக்காரன் மாதிரி காத்திருந்தேன். தினம் சவரம் செய்துகொண்டேன். அவள் கண்ணில் படுகிற மாதிரி கூடத்தில் நேராக உட்கார்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டதா என்று விசாரித்தாள்.

மார்கழியில் ஒரு காலை கோலம் போட்டுவிட்டு வந்தவள், "இன்னிக்கு உங்களை முடிச்சுடலாம், உக்காருங்கோ" என்றாள். கையில் மஞ்சள் பொடி டப்பா. உங்கள் நிறத்துக்கு மஞ்சள்தான் பொருத்தம், கண்ணை மட்டும் கொட்டாமல் இருங்கள் என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் பார்த்தாள். மருந்து வாங்கி வந்தேனா என்று பார்க்கிற பார்வை இல்லை அது. நெற்றியில் ஆரம்பித்து மூக்கு வழியாக இறங்கி, மோவாயில் நின்று, திரும்பவும் மேலே போனது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு தடவை இமைத்தால்கூட எழுந்து போய்விடுவாளோ என்று இரண்டு கண்ணையும் பிடிவாதமாகத் திறந்து வைத்துக்கொண்டேன். பற்றாக்குறைக்குச் சிரிக்கவும் முயற்சி செய்தேன்.

வரைந்து முடித்தபோது மூஞ்சி வந்திருந்தது. ஆனால் மஞ்சள் காமாலைக்காரன் மூஞ்சி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அதை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். நீரஜா உதட்டைப் பிதுக்கினாள். கன்னத்துக்குக் கொஞ்சம் ரத்த ஓட்டம் வேண்டும் என்று உள்ளே போய் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்து வந்தாள். எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்த கை! மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டுமா? கன்னத்துக்கொரு பொட்டு வைத்தாள். நான் வெட்கப்படுவது மாதிரி அழகாகச் சிவந்தது. காயட்டும் என்று பால்கனி கம்பியில் சாய்த்து வைத்தோம்.

ராத்திரிப் பனி பெய்யும் என்பது அவளுக்கும் எனக்கும் நினைவுக்கு வரவில்லை. விடிந்து பார்த்தால் ஈரத்தில் சுண்ணாம்பு ஊறிப் பரவி, நெற்றி முதல் மோவாய் வரை ரத்தச் சிவப்பு. அதன் நடுவே கொட்டாத இரண்டு வெள்ளை விழி. நான் சிரிக்க முயன்ற பல்வரிசை வேறு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான், குரங்குகூட இவ்வளவு கோபமாக இருக்காது.

அதை உள்ளே எடுப்பதற்குள் வாசல் மணி அடித்தது. பக்கத்து மனையில் எழும்புகிற அடுக்குமாடியின் மேஸ்திரி அறிவு நின்றிருந்தார். அவர்கள் மாட்டியிருந்த திருஷ்டி பொம்மை புயல் காற்றில் பறந்துபோனதிலிருந்து அங்கே எதுவும் உருப்படவில்லை. கலவை மெஷின் படுத்துவிட்டது, ஜல்லி லாரி சந்தில் சிக்கி முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. அவர் சாரத்தின் மேலிருந்து எங்கள் பால்கனியைப் பார்த்திருக்கிறார்.

"மேடம், அந்த மூஞ்சி வெலைக்கு கீதா?"

அது என் மூஞ்சி, மஞ்சளில் சுண்ணாம்பு பரவி இப்படி ஆகிவிட்டது என்று சொன்னேன். அறிவு என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மரியாதையாகத் தலையாட்டினார்.

"அதான் சார், நானும் பாத்தேன். பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு மாட்றோம், நிக்க மாட்டேங்குது. இது ஆரத்தியிலயே வந்த மூஞ்சி. இது முன்னாடி எந்தக் கண்ணு நிக்கும்?"

நீரஜாவின் முகம் மலர்ந்ததை அப்போது பார்க்க வேண்டும். அவள் வரைந்த படத்தை வேண்டும் என்று ஒருவர் வாசலில் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆயுசெல்லாம் காத்திருந்து கிடைத்த மூஞ்சியை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் மாடியில், வெயில் படாத சாரத்து நிழலில், தெருவைப் பார்க்கக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அன்றைக்கே கலவை மெஷின் ஓடியது. லாரி தானாகவே நேராயிற்று. பால் வாங்கப் போனாலும் பேப்பர் வாங்கப் போனாலும் என் மூஞ்சிக்கு அடியிலேயேதான் நான் போக வேண்டும். தெருமுனையில் பூ விற்கும் சுப்பம்மா மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையை என் பக்கம் நகர்த்தினாள்.

"சாமி, கூடையை ஒரு தபா மொறைச்சுட்டுப் போ. வியாபாரம் ஆவட்டும்."

முறைத்தேன். மத்தியானத்துக்குள் பூ தீர்ந்துவிட்டது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பிறகு கேட்க வேண்டுமா? புதுக் கார் வாங்கியவர்கள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு டைல்ஸ் கொடுக்கும் ஷரீஃப், தேனாம்பேட்டையில் புதுக் கடை திறந்தபோது வாசலில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ரிப்பன் வெட்ட வந்தவருக்கு ஒரு மாலை, எனக்கும் ஒரு மாலை. கண்ணேறுக்கு மதம் கிடையாது சார், நீங்கள் சிரிக்காமல் இருந்தால் போதும் என்றார். நான் மறந்துபோய்ச் சிரித்ததும், இது இன்னும் நன்றாக இருக்கிறது என்றார்.

வெட்கமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஆசை வெட்கம் அறியாது. ஆபீஸில் யாரும் நிமிர்ந்து பார்க்காத மூஞ்சியை இப்போது பாண்டி பஜாரிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கண்ணாடி முன் நின்று விழியை உருட்டிப் பழகினேன். ஆத்துக்குள் வரும்போதாவது கண்ணைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், குக்கர் விசில் அடிக்க மாட்டேன் என்கிறது என்றாள் நீரஜா.

ஆனாலும் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"உன் கண்ணுக்கு நான் இப்படித்தான் தெரியறேனா?"

"அது நான் வரைஞ்சது இல்லை. சுண்ணாம்பு வரைஞ்சது."

"அப்போ நீ வரைஞ்சது எங்கே?"

"அதுக்கு அடியில இருக்கு" என்று சொல்லிவிட்டு நார் உரித்தாள்.

தை அமாவாசை வந்தது. கட்டடத்தில் பூஜை போட்டு அறிவு பூசணிக்காய் உடைத்தார். இத்தனை நாள் காவல் காத்த பொம்மைக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனுஷர். எலுமிச்சம்பழங்களை நறுக்கி என் நெற்றியில் பிழிந்து அபிஷேகம் செய்துவிட்டார். புளிப்பு பட்டால் ஆரத்திச் சிவப்பு நிற்குமா? மேலிருந்து கீழே கோடு கோடாகச் சிவப்பு இறங்கி, அடியில் இருந்த மஞ்சள் வெளியே வந்தது. சாரத்தில் நின்ற ஆட்கள் குதித்து ஓடினார்கள். அறிவு மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், உங்க மூஞ்சி எறங்கிடுச்சு."

நாங்கள் இரண்டு பேரும் போய் அண்ணாந்து பார்த்தோம். கோபம் எல்லாம் போயிருந்தது. யாரோ உள்ளே கூப்பிடுவார்கள் என்று வாசலில் காத்து நிற்கிற ஒரு ஆள், கண்ணைக் கொட்டக்கூட பயந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். பல்வரிசை இப்போது அசட்டுச் சிரிப்பாக இருந்தது.

நீரஜா நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இதான். பொண் பாக்க வந்தன்னிக்கு, காபி டம்ளரைக் கையில வெச்சுண்டு, குடிக்கலாமா வேண்டாமான்னு எங்கப்பா மூஞ்சியப் பாத்துண்டே உக்காந்திருந்தேளே, அந்த மூஞ்சி. இதைப் போடத்தான் இத்தனை நாளா பாத்துண்டிருந்தேன்."

நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எலுமிச்சம்பழச் சாறு கண்ணில் பட்டுவிட்டது என்று அறிவிடம் சொன்னேன். இரண்டு மாடி தள்ளி நிற்கிற எனக்கு எப்படிப் படும் என்று அவர் கேட்கவில்லை.

அவருடைய கவலை வேறு. இந்த மூஞ்சியை மாட்டினால் திருஷ்டி போகாது, போகிறவன் வருகிறவன் எல்லாம் பாவம் பார்த்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான், இன்னொரு தரம் சுண்ணாம்பு தடவித் தரமுடியுமா என்று கேட்டார். முடியவே முடியாது என்றாள் நீரஜா. படத்தை இறக்கித் தானே மார்போடு அணைத்து எடுத்து வந்தாள். பதிலுக்கு ஒரு பழைய கித்தானை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்து, தன் மூஞ்சியையே வரைந்து, தாராளமாகச் சுண்ணாம்பு போட்டுக் கொடுத்தாள். அதுதான் இன்றைக்கும் அங்கே தொங்குகிறது. என்னுடையதைவிட வீரியம் அதிகம் என்று பேச்சு. சுப்பம்மா இப்போது கூடையை நீரஜா பக்கம்தான் நகர்த்துகிறாள். ஷரீஃபும் மேடம் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு இரண்டாம் தடவையும் ரிட்டயர்மென்ட்.

கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே மஞ்சள் நானை மாட்டினோம். மாசி வெயில் நேரே அதன்மேல் விழுந்தது. சில நாளில் புருவம் மங்கியது, பிறகு மூக்கு. கடைசியில் இரண்டு காதுக்கும் நடுவே பழைய வெள்ளைதான் மிச்சம். நான் பதறிப்போய்க் கூப்பிட்டேன். வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் வெயிலில் போட்டு எடுப்பதில்லையா, அதேதான் என்று நீரஜா நிதானமாகச் சொன்னாள்.

"உக்காருங்கோ. திரும்ப வரைஞ்சுடறேன்."

உட்கார்ந்தேன். பார்த்தாள். நெற்றி, மூக்கு, மோவாய், திரும்ப மேலே. காது சூடானது.

இந்தத் தடவை படத்தை வெயில் எட்டாத படுக்கையறையில் மாட்டச் சொன்னாள். அங்கே இருந்தால் நம் காலம் முழுக்க நிற்கும் என்றாள். நானே ஆணி அடித்து மாட்டினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கண்ணயர்வாள். நான் ஆணியிலிருந்து படத்தைச் சத்தம் போடாமல் எடுத்துப் போய், பால்கனியில் சூரியனைப் பார்க்கச் சாய்த்து வைப்பேன். அவள் எழுவதற்குள் திரும்ப மாட்டிவிடுவேன். அப்படி இரண்டு தடவை மூஞ்சி போய்விட்டது. இந்த ரூமில் எப்படித்தான் வெளுக்கிறதோ என்று சலித்துக்கொண்டே அவள் மஞ்சள் டப்பாவைத் திறந்தாள்.

நேற்று அவள் தூங்கவில்லை. வடாம் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். கம்பியோரமாக நான் காய்ந்துகொண்டிருந்தேன், பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. வடாம் தட்டை நிழல் ஓரமாக வைத்துவிட்டு, படத்தை எடுத்து, வெயில் இன்னும் நன்றாக விழுகிற இடத்தில் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.