பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னதும் மலர்விழி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்குள் அப்பா படுத்திருக்கிறார்.

“கொஞ்ச நேரம்தான. வண்டிக்கு சார்ஜ் போடு. அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு,” என்றாள் பொன்னி.

கூடத்தில் பிளக் ஒன்றுதான். நேற்றுவரை அது அப்பா தேவசகாயத்தின் மோட்டார் வைத்த சக்கர நாற்காலிக்கு உரியது. நேற்று விடியலில் காபி கேட்டு வாங்கிக் குடித்து, சர்க்கரை பத்தவில்லை என்று குறையும் சொல்லிவிட்டுச் சாய்ந்தவர்தான். நல்ல சாவு என்றது ஊர். அழுது முடித்தபின் மலருக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்போது அவளுடைய கவலையெல்லாம் அம்மாதான். கல்லறைவரை அப்பாவின் வண்டியில்தான் வருவேன் என்று, முட்டி தேய்ந்து நிற்கவே முடியாதவள், ஒற்றைக்காலில் நின்றாள்.

“ஏரிக்கரை சரிவும்மா அது. ஆட்டோ வச்சிக்கலாம்.”

“இத்தினி வருசம் அவரு பின்னாடியே போனவ நான். இன்னிக்கி மட்டும் ஆட்டோல போவணுமா?”

அந்த வண்டி என்றாலே மலருக்குப் பயம். வாங்கிய புதிதில் வேகத்துக்கான ஐந்து விளக்கையும் எரியவிட்டு ஓட்டி, மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளின்மேல் கவிழ்ந்தார் அப்பா. அன்றைக்கே அவள் வேகத்தை இரண்டு விளக்கோடு நிறுத்தி, கூட்டுகிற பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். விழுப்புரத்தில் நர்ஸ் வேலை. பிளாஸ்திரிக்குப் பஞ்சமில்லை. “ஆமைகூட என்னத் தாண்டிக்கினு போவுதுடி,” என்று முனகுவார். ஆனால் அவள் வரும்போதெல்லாம் பிளாஸ்திரி ஒட்டினபடியே இருக்கும். எங்கப்பா சொன்ன பேச்சைக் கேட்பவர் என்று ஆஸ்பத்திரியில் பீற்றிக்கொள்வாள்.

பேண்டு முன்னால் போனது. அதன்பின் சவப்பெட்டி, அதன்பின் வண்டியில் பொன்னி. சாவு ஊர்வலத்துக்கு இரண்டு விளக்கு வேகம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

ஏரிக்கரையில் சித்தப்பா சவுரிராயனுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணன் சாவுக்கு அண்ணி மோட்டார்ல வர்றதா? கொழுந்தன் நான் எதுக்கு இருக்குறேன்? நான் தள்ளிக்கினு வர்றேன்.”

குனிந்து, மோட்டாரைக் கழற்றிவிடும் லீவரைத் தட்டிவிட்டார். மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார், பாவம். மோட்டார் கழன்றால் கூடவே பிரேக்கும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. சரிவு வந்ததும் அவர் வண்டியைத் தள்ளவில்லை, வண்டிதான் அவரை இழுத்துக்கொண்டு ஓடியது.

மலர் செருப்பை உதறிவிட்டுப் பாய்ந்தாள். முன்னால் போய்த் தோளால் முட்டுக்கொடுத்து, சவப்பெட்டியில் மோத இரண்டடியே இருக்கும்போது வண்டியை நிறுத்தினாள்.

“சித்தப்பா, லீவர மேல தூக்குங்க.”

குனிந்து தூக்கினார். அவள் வண்டியின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டாள்.

“இனிமே அதுவே எறங்கட்டும் சித்தப்பா. ஓட்டுற குச்சிய வுட்டா தானா நிக்கும்.” அந்த வண்டிக்காகத் தானே பரிந்து பேசுவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

பொன்னி குச்சியை மெல்ல முன்னால் சாய்த்தாள். வண்டி பதறாமல் இறங்கியது. பாதிச் சரிவில் வேண்டுமென்றே கையை எடுத்தாள். அங்கேயே நின்றது. கொழுந்தனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நகர்த்தினாள்.

குழியில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். பொன்னி இரண்டு பிடி போட்டாள்.

திரும்பும்போது கூட்டம் முன்னால் போய்விட்டது. ஏரிக்கரை தாண்டி, வீட்டுக்குப் போகும் தார்ரோடு காலியாகக் கிடந்தது. பொன்னி வண்டியை நிறுத்தி, நகத்தால் பிளாஸ்திரியைக் கிளப்பினாள். அது பட்டென்று வந்துவிட்டது. ஓரமெல்லாம் அழுக்கு, பசையே இல்லை.

மலர் அதை வாங்கிப் பார்த்தாள். “எத்தினி தரம் பிச்சி ஒட்டினது இது?”

“நீ பஸ் ஏறனதும் எடுத்துடுவாரு. நீ வர்ற அன்னிக்கி வேகத்தக் கொறச்சி ஒட்டி வச்சிடுவாரு. இல்லன்னா புள்ள பயந்துக்கும்பாரு. நேத்து நான் ஒட்டி வச்சேன்.”

“நீ ஒண்ணும் சொல்லலியா?”

“நான் எங்க சொல்றது? அவரு மடியில உக்காந்துக்கினு இல்ல போவேன்.”

மலருக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் பொன்னி பொத்தானை மூன்றுமுறை அமுக்கிவிட்டாள். ஐந்து விளக்கும் எரிந்தன.

வெறுங்காலோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மலர் பின்னாலேயே ஓட ஆரம்பித்தாள்.

“ஓரமா போம்மா,” என்றாள்.