கால்மாட்டு மடிப்பு

பஸ் டிக்கெட்டுக்கே என் பையைப் பார்க்கிறவள் என் தங்கை. அவள் தன் செலவில் என்னை ஹோட்டலுக்கு அழைத்தால், எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று நான் யோசிக்க வேண்டாமா? "ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டு வரலாம்க்கா" என்று தேன் ஒழுகப் பேசினாள். அப்போதே உஷாராகிவிட்டேன்.

ஊரைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, போனில் சிக்னலும் போன பிறகு அந்தப் பெரிய பழைய வீடு வந்தது. ஹோட்டலாம். வாசலில் நின்ற நிர்வாகியம்மா வாயெல்லாம் பல்லாக, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்" என்றாள். எனக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும்? கீழ்த்தளத்திலேயே அறை கொடுத்தார்கள். படி ஏறி நான் சிரமப்படக் கூடாதாம். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருந்தது. போன மாதம்வரை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள் நான். அந்தக் கம்பி யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

முதியோர் இல்லம். இங்கே என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாள்.

என் ஒரே மகள் போன வருடம் வீட்டை விட்டுப் போனாள். தினமும் அவள் கைப்பையை நான் குடைந்து பார்த்தேனாம், அதுதான் குற்றமாம். பெற்றவள் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரியா பார்ப்பாள்? அவள் இருக்கிற இடம் தங்கைக்குத் தெரியும், தலைகீழாக நின்றாலும் சொல்லமாட்டாள். பெண்தான் போய்விட்டாள் என்றால், இப்போது இவளும் என்னைக் கைகழுவப் போகிறாள். பயமாகத்தான் இருந்தது. யாருமில்லாமல் கிடப்பதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பல வருடம் முன்பு வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் விழுந்து நசுங்கியது என் இடது கால் கட்டைவிரல். போர்வை அழுத்தினாலே சுள்ளென்று வலிக்கும். அன்றைக்கு வலிக்கவில்லை. விரலுக்கு மேலே துணி தளர்வாக நின்றது. கால்மாட்டில் போர்வையைக் கொஞ்சம் கொசுவி மடித்துவிட்டால் விரல் அழுந்தாது. நோயாளிக்கு நாங்கள் போடுகிற மடிப்பு அது, ஹோட்டலில் எவன் போடுவான்? அதுவும் இடது காலுக்கு மட்டும்! எழுந்துபோய்த் தங்கையின் கட்டிலைத் தடவினேன். அதில் மடிப்பே இல்லை.

"என் காலடியில என்னக்கா தேடற?"

"என் விரலைப் பத்தி இவங்ககிட்ட யாரு சொன்னது?"

"நான் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் தூங்கு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"உண்மையைச் சொல்லு. இது முதியோர் இல்லம்தானே?"

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறவளை நான் நம்புவதில்லை.

சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றித் தங்கை என்னையும் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினாள். கிளம்புமுன் நான் என் பெட்டிமேல் ஒரு நூலைப் போட்டுவைத்தேன், மடிப்பையும் இழுத்து இறுக்கிவிட்டேன். திரும்பி வந்தபோது நூல் அப்படியே கிடந்தது. மடிப்பு மட்டும் மறுபடியும் முளைத்திருந்தது. திரைச்சீலையை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மடிப்பு நாங்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது. இடக்கைக்காரி போட்டது.

இடக்கையால் இப்படிப் போடுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து என் கட்டிலுக்கு என் மகள்தான் போடுவாள். "கோணக்கை, ஒழுங்காப் போடுடி" என்று நானும் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் மாற்றிக்கொண்டதே இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இங்கதான் வேலை பாக்கறாளா?"

தங்கை கதவருகிலேயே நின்றாள். "உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டா. உன் படுக்கையை மட்டும் தானே போடறேன்னா. உன்னை இங்க கூட்டிட்டு வர்றதுதான்க்கா என்னால முடிஞ்சது. நாளைக்குக் கிளம்பற வரைக்கும் உன் கண்ணுல பட மாட்டா."

படமாட்டாளாமே! யாரிடம்?

மறுநாள் காலை தங்கையைச் சாப்பிட அனுப்பினேன். மடிப்பைப் பிடுங்கி, போர்வையை மேளத்தோல் மாதிரி இறுக்கிச் செருகினேன். அதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. கதவைச் சாத்தி, அது திறந்தால் மறைகிற மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தள்ளுவண்டி கிறீச்சிட்டு வாசலில் நின்றது. தட்டினாள். நான் மூச்சுவிடவில்லை. உள்ளே வந்தவள் நேரே கால்மாட்டுக்குத்தான் போனாள்.

"விரல் என்னத்துக்கு ஆகும்? அறிவே கிடையாது" என்று முனகிக்கொண்டே போர்வையை உருவினாள். திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

இளைத்திருந்தாள். எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் பாழாய்ப்போன என் கண் அவள் மேலங்கியின் பைக்குத்தான் போனது. அது புடைத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். முகம் இறுகிவிட்டது.

"பாக்கணுமா?" என்று பையின் வாயை இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள்.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம்தான்.

"வேணாம்" என்றேன். "அந்த முனையைப் பிடி. ரெண்டு பேராப் போட்டா சீக்கிரம் முடியும்."

பையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு குனிந்து பிடித்தாள். மடிப்பு அவள் வழக்கப்படி எதிர்ப்பக்கமாகவே விழுந்தது. நான் திருப்பவில்லை.